480 சதுர அடியில் ஒரு சாய்வு நாற்காலி

சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. ஹால் இவ்வளவு குறுகலாக இருக்கிறதே என்றால் புரோக்கருக்குக் காதில் விழாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் இடிக்கிறதே என்றாலும் விழாது. சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி கடைசி அஸ்திரத்தை எடுப்பார்: "லாஃப்ட் பெருசா இருக்கு சார்."

அந்த லாஃப்ட், தலைக்கு மேலே ஓடும் இரண்டடி அகலக் கான்கிரீட் பலகை. ஊர்ப்பக்கம் பரண். கொலு பொம்மைகள், சீர்வரிசையில் வந்த பித்தளை அண்டா, மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி, பையன் ஓட்டி முடித்த மூன்று சக்கர சைக்கிள் என்று உபயோகமும் இல்லாமல், தூக்கிப்போட மனமும் வராமல் இருக்கும் எல்லாம் அங்கே ஏறிக்கொள்ளும்.

நியூயார்க்கில் இதே சொல்லுக்கு வேறு பொருள். மன்ஹாட்டனின் சோஹோ பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த வார்ப்பிரும்பு முகப்புக் கட்டிடங்கள் உண்டு. உள்ளே இருந்த பட்டறைகளும் கிடங்குகளும் காலியானதும் 1950, 60களில் ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்கு அந்தத் தளங்களில் புகுந்தார்கள். சட்டப்படி அங்கே குடியிருக்கக் கூடாது. கலைஞர்கள் குடியிருக்கலாம் என்று மாநகரம் விதியைத் தளர்த்தியது 1971இல்தான். டொனால்ட் ஜட் என்ற சிற்பி 1968இல் ஸ்பிரிங் தெருவில் ஐந்து மாடிக் கட்டிடம் ஒன்றை 68,000 டாலருக்கு வாங்கினார். படுத்துக்கொள்ள அவர் செய்துகொண்டது தரையை ஒட்டிய ஒரு மரமேடை. கைக்காசு இல்லாதவர்கள் கிடைத்ததை வைத்துக் குடித்தனம் நடத்திய விதம் பிறகு ஒரு பாணியாகி, பத்திரிகை அட்டைகளில் ஏறி, இன்று அங்கே ஒரு தளம் வாங்கக் கோடிகள் வேண்டும் என்ற நிலை.

அந்த லாஃப்டில் வைக்கத்தான் உலகம் முழுக்க ஐம்பதுகளின் நாற்காலிக்கும் மேசைக்கும் அலைகிறார்கள். நம்மிடம் அந்த நாற்காலி லாஃப்டிலேயே கிடக்கிறது. வீடுதான் சின்னது.

வீங்கிய பலகைகள்

என் வீடு மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடி. 480 சதுர அடி, லிஃப்ட் கிடையாது. குடிவந்த புதிதில் எல்லோரையும் போல நாங்களும் செய்தோம். ஹாலுக்கு 'எல்' வடிவ சோபா, படுக்கையறைக்கு அடியில் பெட்டி வைத்த கட்டில், சுவர் முழுக்கப் பார்ட்டிகிள் போர்டில் டி.வி. யூனிட். மூன்றும் வந்து இறங்கிய பிறகு நானும் மனைவியும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சோபாவில் உட்கார்ந்து வழிவிட வேண்டியிருந்தது.

2015 டிசம்பர் வெள்ளம் கீழ்வீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் தெருமுனையைப் பார்த்தேன். சோபாக்கள், கட்டில்கள், ஷெல்ஃபுகள். பார்ட்டிகிள் போர்டு தண்ணீரைக் குடித்துப் பொரி உருண்டை போல வீங்கிப் பிளந்து கிடந்தது. கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு பெஞ்சை மட்டும் வாசலில் கவிழ்த்து வைத்து, குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா காலத்துத் தேக்கு. இரண்டு நாள் நிழலில் காய்ந்து அது மறுபடி வீட்டுக்குள் போனது. இன்றும் இருக்கிறது.

அந்தப் பெஞ்சைப் பார்த்து வந்த பொறாமைதான் இந்தக் கட்டுரையின் ஆரம்பம். பழைய சாமான் என்றால் பெரிய வீட்டுச் சமாசாரம், செட்டிநாட்டு மாளிகைக்கும் மலைத்தோட்டத்து பங்களாவுக்கும்தான் பொருந்தும் என்று நினைத்திருந்தேன். ஐந்தாறு வருஷம் வாங்கி, ஏமாந்து, விற்று, மறுபடி வாங்கிய பிறகு எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இடமில்லாத வீட்டுக்குத்தான் பழைய சாமான் வேண்டும்.

துடைப்பம் உள்ளே போகிறதா?

விண்டேஜ் கடைகளில் அடிக்கடி கேட்கும் 'மிட்செஞ்சுரி' என்ற சொல் அந்தக் காலத்துச் சொல் அல்ல. காரா கிரீன்பெர்க் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1984இல் ஐம்பதுகளின் அறைகலன்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த தலைப்பிலிருந்து பரவியது. ஏறத்தாழ 1940களின் நடுவிலிருந்து 60களின் கடைசி வரை என்று கணக்கு.

அது போர் முடிந்த காலம். ஐரோப்பாவில் வீடுகள் இடிந்திருந்தன. அமெரிக்காவில் படைவீரர்கள் திரும்பிவந்து குடும்பம் தொடங்கினார்கள். அவசரத்தில் கட்டிய சின்ன வீடுகளுக்குத் தாத்தா காலத்துப் பெரிய கட்டில் ஒத்துவராது. லேசாக, மலிவாக, ஒருவரே தூக்கி நகர்த்தும்படி சாமான் தேவைப்பட்டது. சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, கால் முறிந்த வீரர்களுக்குக் கட்டும் அணைப்பலகையை பிளைவுட்டை வளைத்துச் செய்து கொடுத்தார்கள். அந்தத் தொழில்நுட்பம்தான் போருக்குப் பிறகு நாற்காலியானது. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்த, முதுகில் 'ஒய்' எழுத்து போலக் கட்டை வைத்த நாற்காலி 1950இலிருந்து இன்றுவரை தயாராகிக்கொண்டே இருக்கிறது. டேனிஷ் தேக்கு என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்களே, தேக்கு டென்மார்க்கில் முளைப்பதில்லை. தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போனது.

இந்தச் சாமான்களுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு: கால். மெல்லிய, சற்றே சாய்ந்த, நீளமான கால். சோபாவுக்கும் கால், அலமாரிக்கும் கால். அடியில் தரை தெரியும். நம் கண் அறையின் அளவைத் தரையை வைத்துத்தான் எடை போடுகிறது. சுவரிலிருந்து சுவர் வரை தரை தொடர்ந்து தெரிந்தால் அறை பெரிது, நடுவில் பெட்டி மறித்தால் சிறிது. பெட்டிக்கட்டிலும் 'எல்' சோபாவும் செய்யும் கொடுமை இதுதான். அவை தரையைத் தின்றுவிடுகின்றன.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா இந்தக் கோட்பாட்டை ஒரே வரியில் முடித்துவிட்டார். கால் வைத்த பழைய சோபா வந்த அன்று குனிந்து பார்த்துச் சொன்னார்: "இப்பதான்பா தொடப்பம் உள்ள போவுது."

அதன்பிறகு எந்தச் சாமானை வாங்கினாலும் நான் பார்ப்பது இதைத்தான். அடியில் ஆறங்குலமாவது இடைவெளி வேண்டும்.

புதுச்சேரியில் பிறந்த நாற்காலி

இதையெல்லாம் வெள்ளைக்காரன் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான ஒரு விடுதி இருக்கிறது. பெயர் கோல்கோண்ட். ஹைதராபாத் சமஸ்தானத்திலிருந்து வந்த நன்கொடையில் எழுந்ததால் அந்தப் பெயர். செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வரைந்தது. இந்தியாவின் ஆரம்பகால நவீனக் கட்டிடங்களில் ஒன்று. ஏ.சி. கிடையாது, சுவருக்குப் பதில் திருப்பிக்கொள்ளும் கிடைமட்டப் பலகைகள், வங்கக்கடல் காற்றை அறைக்குள் விடும்.

அந்த வேலையை நின்று கவனிக்க 1937இல் வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா என்ற இளைஞர், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆசிரமத்திலேயே தங்கிவிட்டார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். ஒருவர் மட்டும் தங்கும் சின்னச் சின்ன அறைகளுக்காக அவர் தேக்கில் சாமான்களை வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பிய பிறகு மரவேலைக்கே வாழ்நாளைக் கொடுத்து, 20ஆம் நூற்றாண்டின் பெரிய தச்சர்களில் ஒருவரானார். மேசை நாற்காலி செய்யும் கையை அவர் முதலில் பழக்கியது நம் கடற்கரையில், நம் தச்சர்களோடு.

பதினைந்து வருஷம் கழித்து சண்டிகர். கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியே நகரத்தை வரைந்தார்; அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே 1951இல் வந்து 1965 வரை அங்கேயே கிடந்து வேலையை முடித்தார். அத்தனை அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் நாற்காலி வேண்டும். கரையானுக்கும் ஈரத்துக்கும் தாங்கும் தேக்கு, காற்றோட்டத்துக்குப் பிரம்பு, கவிழ்த்த 'வி' போன்ற கால். உள்ளூர்த் தச்சர்கள் ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார்கள். பிறகு ஸ்டீல் சேர் வந்தது, பிளாஸ்டிக் சேர் வந்தது. பிரம்பு கிழிந்தவை மொட்டை மாடியிலும் பின்கட்டிலும் குவிந்தன. அரசு அலுவலகங்களே அவற்றைக் கழிவு என்று ஏலம் விட்டன. வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் புதுப்பித்து விற்றார்கள், ஒரு நாற்காலி பல லட்சம் ரூபாய்க்கு. 2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டபோது குதிரை லாயத்தை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

இன்று சென்னைக் கடைகளில் 'சண்டிகர் சேர்' என்று விற்பது பெரும்பாலும் போன மாதம் செய்தது. தப்பில்லை, நன்றாகச் செய்திருந்தால் வாங்கலாம். பழசு என்று சொல்லிப் பழசு விலை கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈம்ஸ் தம்பதியும் இந்தியாவுக்கு வந்தார்கள். அரசாங்கம் அழைக்க, ஊர் ஊராகச் சுற்றி, 1958 ஏப்ரலில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சிதான் 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம். இந்தியாவில் பார்த்த பொருள்களில் எது அழகு என்று யோசித்து அவர்கள் தேர்ந்தெடுத்தது சொம்பு. நாற்காலிக்கு உலகப் புகழ் பெற்றவர்கள் நம் சொம்பைத் தூக்கி வைத்தார்கள். நாம் அதை லாஃப்டில் தூக்கி வைத்தோம்.

மணையும் பாயும்

நம் பழைய வீடுகளில் சாமானே குறைவு. சொற்களே அதைச் சொல்லும். கட்டில் சங்ககாலத்துச் சொல். முக்காலி, நாற்காலி, பலகை, மணை நம்முடையவை. மேசையும் அலமாரியும் போர்த்துகீசியக் கப்பலில் வந்த சொற்கள். ஜன்னலும் சாவியும்கூட அப்படித்தான். பீரோ பிரெஞ்சு. சாப்பிடும்போது மணை, படுக்கும்போது பாய், விருந்தாள் வந்தால் ஜமுக்காளம். வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம், சுருட்டி மூலையில் நிறுத்தலாம். ஒரே கூடம் காலையில் சாப்பாட்டறை, மதியம் தூங்குமிடம், மாலையில் பாட்டு கிளாஸ். ஸ்டுடியோ அபார்ட்மென்ட் என்று இதற்குத்தான் இப்போது ஆங்கிலத்தில் பெயர் வைத்து வாடகையை ஏற்றுகிறார்கள்.

அந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது துணி ஈஸி சேர். இரண்டு மரச் சட்டம், நடுவில் கோடு போட்ட கெட்டித் துணி, மேலும் கீழும் துணியின் மடிப்புக்குள் ஓடும் உருட்டுக்கட்டை. மடக்கினால் மூன்றங்குலம். கதவுக்குப் பின்னால் நிற்கும். அந்த உருட்டுக்கட்டையை உருவி வைத்துவிட்டுத் தாத்தா வந்து உட்காரக் காத்திருந்த பாவத்தைச் செய்யாத பேரன் தஞ்சாவூர் ஜில்லாவில் உண்டா என்று தெரியாது, நான் செய்திருக்கிறேன். அதற்கு மூத்தது கை நீண்ட பிரம்புச் சாய்வு நாற்காலி. தோப்பில் முஹம்மது மீரான் ஒரு பரம்பரை வீட்டின் வீழ்ச்சியை எழுத எடுத்துக்கொண்ட பிம்பம் இந்தச் சாய்வு நாற்காலிதான். 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

எங்கள் ஹாலில் இப்போது இருப்பது அத்தகைய பிரம்பு நாற்காலி. ஊர் வீட்டை விற்றபோது சித்தப்பா, "எடுத்துட்டுப் போடா, இல்லன்னா விறகுக்குத்தான்" என்றார்.

"படி திரும்புற எடம் எத்தனை அடி?"

முதல் உற்சாகத்தில் காரைக்குடிக்குப் போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். எனாமல் தட்டு, பர்மா அரக்குப் பாத்திரம், ரவிவர்மா அச்சுப் படம், பெல்ஜியம் கண்ணாடி, கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை, காலே தனி அழகான மருந்துப் பெட்டி. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போய்த் தொழில் செய்து கொண்டுவந்து குவித்தவை. 1942இல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தச் செல்வத்தின் ஊற்று அடைந்தது. பேரன்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். ஐம்பது பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை யார் பராமரிப்பது? சாமான் தெருவுக்கு வந்தது.

ஒரு கடையில் ஏழடி உயர அலமாரி ஒன்று என்னைப் பார்த்தது. கடைக்காரர் விலை சொல்வதற்கு முன்னால் கேட்டார்: "எத்தனாவது மாடிண்ணே?"

"ரெண்டாவது."

"லிஃப்ட்டு?"

"இல்லை."

"படி திரும்புற எடம் எத்தனை அடி?"

தெரியவில்லை. "அளந்துட்டு வாங்கண்ணே, அலமாரி எங்கயும் போயிடாது" என்றார். கேட்டிருக்க வேண்டும். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று அன்றே லாரி பேசினேன்.

மாம்பலத்தில் நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு முதல் திருப்பம் வரை வந்தார்கள். மூன்றடிதான் இடம். நிமிர்த்தினால் மேல்படி இடிக்கிறது, சாய்த்தால் கைப்பிடி இடிக்கிறது. இரண்டு மணி நேரம் முதல் மாடிக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டலாமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்தவர் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, உச்சியில் இருந்த சின்ன ஆப்பு ஒன்றைச் சுத்தியலால் தட்டி எடுத்தார். "சார், இதுல ஆணியே இல்ல. அக்கு அக்கா கழலும்." அரை மணி நேரத்தில் அது பதினோரு துண்டாகித் தோளில் ஏறி மேலே போனது.

மாட்டி நிறுத்தினோம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. பன்னிரண்டடி, பதினான்கடிக் கூரைக்கு அளவெடுத்துச் செய்ததை ஒன்பதரை அடிக் கூரைக்குக் கீழே நிறுத்தினால் யானையைக் கட்டிப்போட்டது மாதிரி. ஜன்னல் வெளிச்சம் பாதி போயிற்று. எட்டு மாதத்தில் திருச்சி மச்சினர் வீட்டுக்கு, மறுபடி பதினோரு துண்டாக, போய்ச் சேர்ந்தது.

ஆகவே டேப். வாசற்கதவு, படித்திருப்பம், லிஃப்டின் உள் அகலம் மூன்றையும் அளந்து போனில் எழுதிக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள். வீட்டுக்குள் அந்தச் சாமான் நிற்கும் இடத்தில் அதன் அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் ஒட்டிவைத்து இரண்டு நாள் நடமாடிப் பாருங்கள். சுற்றிலும் இரண்டடியாவது நடக்க இடம் இருக்க வேண்டும். பேப்பர் மேல் கால் படுகிறது என்றால் அந்தச் சாமான் உங்களுக்கு இல்லை.

கவிழ்த்துப் பார்

பழைய சாமானின் முகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது என்பார் அதே ஆசாரி. பாலீஷ் எதையும் மறைக்கும். நாற்காலியைக் கவிழ்க்க வேண்டும், மேசை இழுப்பறையை வெளியே உருவி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். அங்கே பாலீஷ் போட்டிருக்க மாட்டார்கள். மரம் என்ன மரம் என்று அங்கேதான் தெரியும். ஒரு மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தேக்கின் எண்ணெய் வாசம் வரும். தோதகத்தி என்றால் கை தூக்கும்போதே கனம் சொல்லிவிடும். சின்ன ஓட்டைகளும் அடியில் மாவு கொட்டியதும் தெரிந்தால் உளுத்த மரம். எவ்வளவு அழகானாலும் வேண்டாம், அது வீட்டில் இருக்கும் மற்ற மரத்துக்கும் பரவும். பிளவு, ஆட்டம், கிழிந்த பிரம்பு மூன்றும் குறையே அல்ல. சரிசெய்துவிடலாம். விலையைக் குறைக்க உதவும் என்பதால் எனக்குக் கிழிந்த பிரம்பைப் பார்த்தால் சந்தோஷம்.

பழைய கட்டில் என்றால் மூட்டைப்பூச்சி. இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஏற்றும் முன்னால் மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் காயப்போட்டு, இணைப்புகளில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுங்கள். பெயின்ட் அடித்த பழைய தொட்டிலைக் குழந்தைக்கு எடுக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் உண்டு, காய்ந்த பெயின்டைச் சுரண்டிப் பறக்கவிடுவதும் ஆபத்து. பழைய மேசை விசிறி, ரேடியோ வாங்கினால் வயரை முழுக்க மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள். அந்த விசிறிகளின் கம்பிக்கூட்டில் குழந்தையின் கையே நுழையும். அதனால் எங்கள் வீட்டு விசிறி எட்டாத உயரத்தில் அலங்காரமாக மட்டும் நிற்கிறது.

பாலீஷ் விஷயத்தில் என் கட்சி அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தில் தோய்த்து, மெல்ல மெல்லப் பத்துப் பதினைந்து கை தேய்ப்பது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். ஸ்பிரே அடிக்கும் பளபளப்பு முதல் நாள் அழகு; கீறல் விழுந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டும். ஒன்று உண்டு, அரக்கின் மேல் சூடான காபி டபராவை வைத்தால் வெள்ளை வளையம் விழும். எங்கள் மேசையில் மூன்று வளையங்கள் உண்டு. மூன்றும் என் மாமனார் உபயம்.

சித்தப்பா கொடுத்த நாற்காலிக்குப் பிரம்பு பின்ன ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிளாஸ்டிக் ஒயர் என்றால் தெருவுக்கு ஒருவர். பிரம்புக்கு விசாரித்து விசாரித்து ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். பார்வை கிடையாது. நாற்காலி பின்னுவது நம் நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகள் கற்றுக்கொடுத்த தொழில். அரசு அலுவலகப் பிரம்பு நாற்காலிகளை நம்பி ஒரு தலைமுறையே அதில் பிழைத்தது. அவர் சட்டத்தின் ஓரத்து ஓட்டைகளை விரலால் எண்ணினார். ஒரு ஓட்டை அடைத்திருந்ததை, நான் கண்ணால் பார்த்துத் தவறவிட்டதை, விரல் சொல்லிற்று. நெடுக்கே, குறுக்கே, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே, பிறகு இரண்டு மூலைவாட்டம், கடைசியில் ஓரக்கட்டு. ஆக ஏழு ஓட்டம். முழுதாக மூன்று நாள். கிளம்பும்போது, "மெத்தை கித்தை போட்டு மூடாதீங்கம்மா, மூச்சு முட்டும். தொய்ஞ்சா அடிப்பக்கம் ஈரத்துணியால தொடைச்சு ஒரு ராத்திரி விடுங்க, தானா இழுத்துக்கும்" என்று மனைவியிடம் சொன்னார். சொன்னபடியே இழுத்துக்கொள்கிறது.

கொழும்பில் ஒரு வீடு

பழசை எவ்வளவு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது? இதற்கு நான் பார்த்த மிகச் சிறந்த பாடம் கொழும்பில் இருக்கிறது. ஜெஃப்ரி பாவா என்ற கட்டிடக் கலைஞர் 1958இல் 33ஆவது லேனில் வரிசையாக இருந்த நான்கு குட்டி வீடுகளில் ஒன்றில் குடியேறினார். ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து 1968க்குள் நான்கையும் ஒரே வீடாக்கிவிட்டார். நுழைந்தால் வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நீண்ட நடை. கடைசியில் வானம் திறந்த ஒரு சின்ன முற்றம். அங்கே செட்டிநாட்டுத் தூண் நிற்கிறது. ஒரு மூலைக்கு ஒரு பழம்பொருள்தான். அதைச் சுற்றி வெறும் வெள்ளை. பக்கத்தில் வேறொன்றும் போட்டிக்கு வருவதில்லை. வெறுமையையும் அவர் ஒரு சாமானாகவே வைத்திருக்கிறார்.

சின்ன வீட்டில் பழசை நிறைத்தால் அது பழைய சாமான் கடை. எங்கள் ஹாலில் மூன்றோடு நிறுத்தினோம்: சாய்வு நாற்காலி, கால் வைத்த சோபா, அம்மாவின் தையல் மெஷினுடைய இரும்புக் காலின் மேல் தேக்குப் பலகை போட்ட மேசை. பலகை, மயிலாப்பூரில் இடித்த, மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட ஒரு பழைய வீட்டின் உத்திரத்திலிருந்து அறுத்தது. டி.வி. புதியது, சுவரில். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. போட்டோம், வெள்ளை வெளிச்சத்தில் தேக்கு சாம்பல் பூத்துப் போகிறது. தரை எண்பதுகளின் மொசைக். டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று ஐந்து பேர் யோசனை சொன்னார்கள். அதே மொசைக்கை டெராசோ என்ற பெயரில் இப்போது சதுர அடி கணக்கில் விலை சொல்கிறார்கள். ஆளை வைத்து மறுபடி மெஷின் பாலீஷ் போட்டதோடு சரி.

படுக்கையறையில் அம்மாவுக்குச் சீராக வந்த இரும்பு பீரோ, ஆலிவ் பச்சை, ஆளுயரக் கண்ணாடியோடு. கோத்ரெஜ் 1923இல் செய்ய ஆரம்பித்த சாமான்; முதல் பொதுத்தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டி செய்ததும் அதே கம்பெனி. மரத்தோடு பொருந்தாது என்று பலர் இதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுகிறார்கள். பாவம். நான்கு கால் உண்டு அதற்கும். துடைப்பம் போகிறது.

செட்டிநாட்டுத் தூண் என்றேனே, அதில் ஒரு உறுத்தல். நாற்காலி, மேசை, பெட்டி எல்லாம் கைமாறிக் கைமாறி வாழப் பிறந்தவை, வாங்குங்கள். தூணும் நிலைக்கதவும் அப்படியல்ல. கடையில் ஒரு தூண் நின்றால் எங்கோ ஒரு கூரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். வாங்குபவர் வரிசையில் நின்றால் அடுத்த வீடும் இறங்கும். இறங்கிவிட்ட வீட்டின் உத்திரத்தை விறகாகாமல் காப்பாற்றினேன் என்று நானும் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது அரை மனசுச் சமாதானம்தான் என்பதும் தெரியும். ஃபிளாட் வாசலுக்குச் செட்டிநாட்டுக் கதவு வேண்டும் என்று கேட்டு வரும் நண்பர்களைக் காரைக்குடிக்கு அழைத்துப் போவதை நிறுத்திவிட்டேன்.

கடைக்குப் போவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு லாஃப்டில் ஏறிப் பாருங்கள். ஊரில் வீடு இருந்தால் மாட்டுக்கொட்டகையின் பரணையும் சேர்த்து. கவிழ்த்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், ஆடினால் ஆசாரியைக் கூப்பிடுங்கள். ஏறும்போது ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும்.